ஜே.ஆர். போட்ட காலம்

எண்பதுகளின் கடைசியில் ஈஸ்ற்ஹாமில் இரண்டு தமிழர் சந்தித்தால், சுகம் விசாரித்த கையோடு வருகிற கேள்வி ஒன்று இருந்தது: "ஜே.ஆர். போட்டாச்சோ?" ஊரில் ஜே.ஆர். என்றால் ஜனாதிபதி ஜெயவர்த்தனா. அவருடைய ஆமிக்குப் பயந்து பிளேன் ஏறி வந்தவர்கள் இங்கே வந்து இன்னொரு ஜே.ஆரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பகிடி விடாத ஆள் இல்லை. இந்த ஜே.ஆர். ஜுடிஷியல் ரிவியூ, இலங்கைச் சட்டத் தமிழில் நீதிமுறை மீளாய்வு. அசைலம் அடித்து, அதாவது தஞ்சம் கேட்டு, ஹோம் ஒஃபிஸ் மறுத்துவிட்டால், பிளேனில் ஏற்றுவதற்கு முன் ஸ்ட்ராண்ட் வீதியிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிற ஓட்டம்.

நான் அந்தக் காலத்தில் சொலிசிற்றர்மாரின் அலுவலகங்களுக்கு மொழிபெயர்க்கப் போனவள். கணவரின் படிப்புக்காக எழுபதுகளில் லண்டன் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் கையில் கிடைத்த வேலை அது. சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் ஒரே வாக்கியத்தை நூறு வாயிலிருந்து கேட்டு நூறு தடவை ஆங்கிலத்தில் சொன்னால், அந்த வாக்கியம் எந்தக் கதவுக்குள் நுழைகிறது, எந்தக் கதவில் முட்டித் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும்.

ஜே.ஆர். வழக்கில் எங்கள் பெடியன்களுக்கு விளங்கவே விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. நீதிபதி உங்களைப் பார்க்கமாட்டார். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். திருப்பி அனுப்பினால் உங்களை அடிப்பார்களா, கொல்லுவார்களா என்று தீர்மானிப்பது அவருடைய வேலையே இல்லை. "ஒன்றும் நடக்காது" என்று உள்துறை அமைச்சர் முடிவெடுத்தாரே, அந்த முடிவை எடுத்த விதத்தில் சட்டப் பிழை உண்டா, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டாரா, புத்தியுள்ள எவரும் எடுக்கமாட்டாத முடிவா அது என்று மட்டும்தான் அவர் பார்ப்பார். அதுவும் சத்தியக்கடதாசிகளை வைத்து.

அந்தக் கடைசி அளவுகோல் ஒரு சினிமாக் கொட்டகையால் வந்தது என்பதை ஒரு பாரிஸ்டர் தேநீர் குடித்துக்கொண்டே எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. வெட்னஸ்பெரி என்ற ஊரில், ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படம் பார்க்க விடக்கூடாது என்று நகரசபை நிபந்தனை போட்டது. கொட்டகைக்காரர் வழக்குக்குப் போய் 1947இல் தோற்றார்கள். நியாயமுள்ள எந்தச் சபையும் எடுக்க முடியாத முடிவாக இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்று அன்றைக்கு வைத்த விதியைக் கொண்டு, நாற்பது வருஷம் கழித்து, பூசா தடுப்பு முகாமுக்குள் கிடந்துவிட்டு வந்தவர்களின் உயிரை அளந்தார்கள்.

சாதாரணமாக ஓர் அரச முடிவை எதிர்ப்பவருக்கு முதலில் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கும். அது முடிந்த பிறகுதான் மீளாய்வு. எங்கள் ஆட்களுக்கு அது ஏன் தலைகீழானது என்றால், 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம். விசா இல்லாமல் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ வந்து இறங்கி மறுக்கப்பட்டவருக்கும் அந்தச் சட்டம் மேல்முறையீட்டு உரிமை கொடுத்திருந்தது. ஆனால் நாட்டை விட்டுப் போன பிறகு, வெளியிலிருந்துதான் அதைச் செய்யலாம். அதாவது, ஊருக்குப் போய் ஆமி பிடிக்கிறதா என்று பார். பிடிக்காவிட்டால் அங்கிருந்து மனுப் போடு. பிடித்துவிட்டால்? அதற்குப் படிவம் இல்லை.

83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு முதலில் இந்தச் சிக்கல் பெரிதாக இருக்கவில்லை. இலங்கை கொமன்வெல்த் நாடு, விசா தேவையில்லை. 1985 மே கடைசியில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. கொமன்வெல்த் நாடு ஒன்றின் குடிகளுக்குப் பிரித்தானியா விசாக் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நைஜீரியா, கானா எல்லாம் அடுத்த வருஷம்தான். அந்தப் பெருமை எங்களுக்கு.

அதற்குப் பிறகு வந்தவனுக்கும் கொழும்பு பிளேனுக்கும் நடுவில் நின்றவை இரண்டுதான். ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கடிதம். அது போனால் அனுப்புவதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்பார்கள். அந்த வழியையும் அரசாங்கம் பிறகு சுருக்கிவிட்டது. மற்றது ஜே.ஆர்.

1987 பெப்ரவரியை என் வயதுக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர் ஒரே விமானத்தில் ஹீத்ரோவில் இறங்கினார்கள். மறுத்தார்கள். திரும்ப ஏற்றக் கொண்டுபோனபோது, விமானத்தடியில் அந்தக் குளிரில் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு நின்றார்கள். அதற்குள் சொலிசிற்றர்மார் நீதிபதியைப் பிடித்துத் தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள். அடுத்த நாள் பேப்பரெல்லாம் அந்தப் படம். எங்கள் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் சிலர் "மானத்தை வாங்கிப்போட்டாங்கள்" என்று குமுறினார்கள். எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை, இப்போதும் வராது. கையில் ஒரு கடதாசியும் இல்லாதவன் காட்டுவதற்கு உடம்பைத் தவிர என்ன வைத்திருப்பான்?

உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் அடுத்த மாதமே பதில் கொண்டுவந்தார். சரியான கடதாசி இல்லாத ஒரு பயணியை ஏற்றிவந்தால் விமானக் கொம்பனிக்கு 1,000 பவுண் தண்டம். அந்த வருஷமே அது சட்டமானது. எங்கள் வழக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய தீர்ப்புகளைத்தான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆயிரம் பவுண் எல்லாத் தீர்ப்பையும் விடப் பெரியது. அன்றிலிருந்து முதல் தீர்ப்பை எழுதியவர்கள் வேறு ஊர்களின் விமான நிலையங்களில் ரிக்கற் பார்க்கிற பிள்ளைகள். அவர்களுடைய முடிவுக்கு ஜே.ஆர். கிடையாது.

அதே பெப்ரவரியில், அன்றைக்கு நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் ஒரு தீர்ப்பு வந்தது. எங்கள் ஆள் அல்ல, உகண்டாக்காரர் ஒருவர். கென்யா வழியாக வந்தவரை கென்யாவுக்கே அனுப்ப ஹோம் ஒஃபிஸ் தீர்மானித்திருந்தது. கென்யா உகண்டா அகதிகளைத் திருப்பி உகண்டாவிடமே கொடுத்த சம்பவங்கள் இருந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட மற்ற வழக்குகள் தோற்றன. ஒருவர் அகதியா இல்லையா என்பது அமைச்சர் தீர்மானிக்கும் விஷயம், நீதிமன்றம் அந்த நாற்காலியில் உட்காராது என்று சொல்லிவிட்டார்கள். உகண்டாக்காரர் வென்றார். பிரிட்ஜ் பிரபு அங்கே ஒரு கருத்தை வைத்தார். உயிர் வாழும் உரிமைதான் எல்லாவற்றிலும் அடிப்படை. ஒருவனின் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய முடிவு என்றால் அதன் ஆதாரத்தை நீதிமன்றம் மிகுந்த கவலையோடு துருவிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்காகப் போன எந்த ஜே.ஆர். மனுவிலும் அந்தத் தீர்ப்பு இல்லாமல் இருந்ததில்லை. சினிமாக் கொட்டகையின் அளவுகோலைக் கொஞ்சம் கூர்மையாக்கினார்கள். துருவிப் பார்ப்பதும் கடதாசியைத்தான்.

அந்தக் கடதாசி எப்படி உண்டாகிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பார். நான் தமிழில் கேட்பேன். பெடியன் பதில் சொல்ல, நான் சொல்ல, அவர் கையால் எழுதுவார். ஒரு நாள், சாவகச்சேரிப் பக்கத்துப் பெடியன் ஒருவன். ஆமி பிடித்ததா? ஓம். எத்தனை நாள்? சொன்னான். அடித்தார்களா? "வழமையான அடிதான் அக்கா." அப்படியே சொன்னேன். அதிகாரி அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வழமையான அடி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கக்கூடாது, மொழிபெயர்ப்பவள் கேள்வி கேட்டால் அடுத்த நாள் வேலை இல்லை. எஸ்லோன் பைப்புக்குள் மண்ணை அடைத்து உள்ளங்காலில் அடிப்பதும், மிளகாய்த்தூள் போட்ட பையை முகத்தில் கட்டுவதும் அவனுக்கு வழமை. அவனுடைய அறையில் கிடந்த எல்லாருக்கும் அது நடந்தது. தனக்கு மட்டும் நடந்த விசேஷம் என்று அவன் நினைக்கவேயில்லை. மறுப்புக் கடிதத்தில் 'பாரதூரமான துன்புறுத்தல் எதையும் குறிப்பிடவில்லை' என்று இருந்தது. நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதியின் கையில் இருக்கப்போவது அந்தப் பதிவும் அந்தக் கடிதமும்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பொருந்துகிற முடிவில் சட்டப் பிழை இல்லை.

1987 மே மாதத்திலிருந்து ஹோம் ஒஃபிஸ் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, மறுக்கப்பட்டவர்களையும் காத்திருப்பவர்களையும் அதில் அடைத்து வைத்தது. அதிகம் பேர் தமிழர். ஒக்டோபர் 16 அதிகாலை தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டிய கயிறுகளை அறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. ஆட்கள் தப்பினார்கள், பலரைத் தற்காலிக அனுமதியில் வெளியே விட்டார்கள். எத்தனை ஜே.ஆர். போட்டும் திறக்காத கதவைக் காற்று திறந்துவிட்டது என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு முழுதாக வரவில்லை. அதற்கு ஆறு நாளைக்கு முன், ஒக்டோபர் 10, யாழ்ப்பாணத்தில், அமைதி காக்க என்று வந்திருந்த இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியிருந்தது. வீடுகளுக்கு ரெலிபோன் இல்லை. பிறகு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்து சுட்ட செய்தியும் வந்தது. அம்மா, ஐயா இருக்கிறார்களா என்று தெரியாத நிலையில் நாங்கள் இங்கே பிபிசி கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஒக்டோபரை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், ஆறு தமிழரின் வழக்கு அப்போதுதான் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தது. சட்டப் புத்தகங்களில் அது சிவகுமாரன் வழக்கு. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். சில வாரங்களில் இவர்களுக்கு மறுப்பு வந்தது: அமைதி திரும்புகிறது, இராணுவம் செய்தது தீவிரவாதிகளைத் தேடும் வேலை, தமிழர் என்பதற்காகச் செய்த கொடுமை அல்ல. ஜே.ஆர். போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோல்வி. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சேர் ஜோன் டொனால்ட்சன் முன்னிலையில் வெற்றி.

டொனால்ட்சன் சொன்ன உதாரணத்தை எங்கள் பெடியன்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர்கள் ரசித்துக் கேட்டார்கள். முகமூடிக் கள்ளன் ஒருவன் வங்கிக் காசாளருக்கு முன்னால் துவக்கை நீட்டுகிறான். காசாளர் பயப்படுகிறார். பயத்துக்கு நியாயம் உண்டா? உண்டு. ஒரு நிமிஷத்துக்குப் பிறகு அது தண்ணீர்த் துவக்கு என்று தெரியவந்தாலும், அந்தப் பயம் நியாயமில்லாத பயமாகிவிடாது. ஆகவே அகதியின் பயத்தை அவன் நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆமியோடு முகமூடி போட்டு வந்து ஆள்காட்டத் தலையாட்டுகிறவனுக்கு முன்னால் வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பிரபுக்கள் சபை டிசம்பர் 16ஆம் திகதி அதைப் புரட்டியது. பயம் மனசுக்குள் இருந்தால் போதாது. வெளியில் இருக்கும் உண்மைகள் அதைத் தாங்க வேண்டும். அகதிக்குத் தெரியாத தகவல்களையும் அமைச்சர் கணக்கில் எடுக்கலாம். கீத் பிரபுவின் தீர்ப்பு. சட்டமாகப் பார்த்தால் அது பிழையான தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: கொடுமை நடக்கும் என்று நிரூபிக்கத் தேவையில்லை, பாதிக்கு மேல் சாத்தியம் என்றுகூடக் காட்டத் தேவையில்லை, நியாயமான அளவு சாத்தியம் இருந்தால் போதும் என்று அந்தத் தீர்ப்புத்தான் நிறுத்தியது. பிறகு வந்த ஆயிரக்கணக்கான தமிழர், சோமாலியர், குர்தியர் அந்த அளவுகோலில்தான் வென்றார்கள். எங்கள் ஆறு பேர் தோற்ற வழக்கு மற்றவர்களுக்குப் பலன் கொடுத்தது.

1988 பெப்ரவரியில் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஐந்து பேரின் கதைதான் பிறகு ஐரோப்பா வரை போனது.

ஊருக்குப் போனபிறகு அவர்களுக்கு அந்தப் பழைய 'வெளியிலிருந்து மேல்முறையீடு' கிடைத்தது. லண்டனில் இருந்த வழக்கறிஞர்கள் அதைக் கைவிடாமல் நடத்தினார்கள். குடிவரவு மேல்முறையீட்டை அன்றைக்குக் கேட்டவர் பெயர் அட்ஜுடிகேற்றர். தலைமுடித் தொப்பி இல்லை, மேடை இல்லை. சாதாரண மேசை, தண்ணீர்ப் போத்தல், கட்டிடத்துக்குள் எப்போதும் கொஞ்சம் புழுக்கம். நீதித்துறை ஏணியில் ஆகக் கீழ்ப்படி. ஆனால் அந்தக் கீழ்ப்படியில் இருப்பவருக்குப் பிரபுக்கள் சபைக்கு இல்லாத ஓர் அதிகாரம் இருந்தது. அமைச்சர் எப்படி முடிவெடுத்தார் என்று பார்ப்பதோடு அவர் நிற்க வேண்டியதில்லை. சாட்சியங்களை எடுத்து, உண்மை என்ன என்று தானே தீர்மானிக்கலாம்.

1989 மார்ச்சில் அவர் தீர்மானித்தார். மனுதாரர் ஒருவர்கூட அந்த மேசைக்கு முன் இல்லை, எல்லாரும் இலங்கையில். அனுப்பப்பட்ட நேரத்தில் அவர்களுக்கு இருந்த பயம் நியாயமான பயமே, அவர்கள் தஞ்சம் பெற உரிமை உள்ளவர்கள், தாமதமில்லாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டார். இப்போது ஹோம் ஒஃபிஸுக்குத்தான் அவசரம். திருப்பிக் கொண்டுவரச் சொல்ல இவருக்கு அதிகாரம் உண்டா என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. அசைலம் மறுத்தவர்களே ஜே.ஆர். போடுகிற நாள் வந்தது என்று ஈஸ்ற்ஹாமில் ஒரு வாரம் இதே கதைதான். அந்த வருஷ முடிவுக்குள் அவர்கள் லண்டனுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆட்கள், அதே 1987, அதே இலங்கை. நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் அமைச்சரின் முடிவில் பிழை இல்லை என்றது. ஆகக் கீழே இருந்தவர் முடிவே பிழை என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் சட்டப்படி சரியாக இருக்க முடியும் என்பதுதான் இந்த முறையின் விசித்திரம். இரண்டு பேரிடமும் கேட்கப்பட்டவை வெவ்வேறு கேள்விகள். ஆனால் மேலே கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வந்த கையோடு பிளேன் புறப்பட்டுவிட்டது. கீழே கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் ஐந்து பேர் இலங்கையில் இருந்தார்கள்.

அந்த ஐந்து பேரின் வழக்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிற ஸ்ட்ராஸ்பேர்க்கில் வில்வராஜா வழக்கு. அந்த நாட்களில் ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு முதலில் பார்க்கும், பிறகுதான் நீதிமன்றம். ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் சித்திரவதைத் தடைபற்றிய மூன்றாம் பிரிவு மீறப்பட்டதா என்ற கேள்வியில் ஆணைக்குழு ஏழுக்கு ஏழு என்று பிளந்து நின்றது. தலைமை வகித்தவரின் மேலதிக வாக்கால் 'இல்லை' வென்றது. ஆனால் பயனுள்ள நிவாரணம் இருக்க வேண்டும் என்ற பதின்மூன்றாம் பிரிவில் பெரும்பான்மை தெளிவாகச் சொன்னது: ஜே.ஆர். போதாது. 1991 ஒக்டோபர் 30இல் நீதிமன்றம் இரண்டையும் பிரித்தானியாவுக்குச் சார்பாக முடித்தது. முதலாவது 8க்கு 1. இரண்டாவது 7க்கு 2.

அந்தத் தீர்ப்பின் ஒரு பந்தியை நான் எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பியவர்களில் மூன்று பேர் ஊரில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னதை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. அது எப்படியிருந்தாலும், இவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே காணக்கூடிய தனித்துவமான அம்சம் எதுவும் இவர்களுடைய வழக்கில் இல்லை என்றது. அதாவது, எல்லா இளந்தமிழருக்கும் இருந்த ஆபத்துத்தான் இவர்களுக்கும் இருந்தது. ஆகவே விசேஷம் இல்லை. "வழமையான அடிதான் அக்கா" என்று சொன்ன பெடியனுக்கு ஹோம் ஒஃபிஸ் எழுதியதும் இதுதான். ஸ்ட்ராஸ்பேர்க்கில் அது கொஞ்சம் அழகான ஆங்கிலத்தில் இருந்தது.

ஜே.ஆர். போதும் என்பதற்கு நீதிமன்றம் காட்டிய காரணங்கள் பொய்யல்ல. உகண்டாக்காரரின் வழக்கையும், 1985இல் ஜெயகுமாரன் என்ற தமிழரின் மறுப்பை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ததையும் காட்டினார்கள். நானே அறிய எத்தனையோ பேர் ஜே.ஆர். போட்டதால் இங்கே நின்று, நின்றதால் பிழைத்தார்கள். வென்றவர்கள் கொஞ்சம், வழக்கு இழுபட்ட மாதங்களில் ஊர் நிலைமை மாறி, ஹோம் ஒஃபிஸே கோப்பைத் திரும்ப எடுத்து, பிழைத்தவர்கள் அதிகம். மருந்து நோயைக் குணமாக்கவில்லை, ஆனால் நோயாளியை அடுத்த வைத்தியர் வரும்வரை வைத்திருந்தது. அதற்காக அந்தச் சொலிசிற்றர்மாருக்கு எங்கள் சனம் நன்றி சொல்லத்தான் வேண்டும். பாதிப் பேர் ஃபீஸ் கேட்டதில்லை.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் வென்ற அரசாங்கம் இரண்டு வருஷத்தில் தானே அந்தச் சட்டத்தை மாற்றியது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தஞ்சம் மறுக்கப்பட்டவருக்கு நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது. தோற்ற ஐந்து பேர் கேட்டது அதைத்தான். 1996இல், இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த சீக்கியர் ஒருவரின் சாஹல் வழக்கில் ஸ்ட்ராஸ்பேர்க் தானும் ஒரு படி மேலே ஏறியது: தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலும் சித்திரவதைக்கு ஆளை அனுப்ப முடியாது, அங்கே வெறும் ஜே.ஆர். போதுமான நிவாரணமும் அல்ல.

அதற்குப் பிறகு என் வேலை ரோஸ்பெரி அவெனியூவில் ரெய்லர் ஹவுஸ், ஹற்றன் குறொஸ் என்று அட்ஜுடிகேற்றர்மாரின் மேசைகளுக்கு மாறியது. ஆளைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். பேச்சு உடம்புக்குத் திரும்பியது. 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கிய சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மருத்துவ நிலையத்தின் வைத்தியர்கள் தழும்புகளை அளந்து அறிக்கை எழுதினார்கள். ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை வந்தபின் அந்த அறிக்கைகளுக்கு ஒரு படிவரிசை வந்தது: பொருந்தாது, பொருந்தும், மிகவும் பொருந்தும், வழக்கமாக இப்படித்தான் இருக்கும், வேறெதுவாலும் இருக்க முடியாது. ஐந்து படி. 2007இல், அட்ஜுடிகேற்றர்மாரின் இடத்துக்கு வந்த தீர்ப்பாயம், கொழும்புக்கு அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டும் காரணிகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டது. தழும்பும் அதில் ஒன்று, அடையாள அட்டை இல்லாததும் ஒன்று, பிணையில் வந்து ஓடியதும் ஒன்று. திருப்பாவை போல அதை மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆட்களை எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஸ்ட்ராஸ்பேர்க் அந்தக் காரணிகளைத் தனித்தனியாக மட்டுமன்றி ஒன்றாகச் சேர்த்தும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு தமிழரை அனுப்புவது மூன்றாம் பிரிவை மீறும் என்று தீர்த்தது. விசேஷ அம்சம் கேட்டு ஐந்து பேரைத் தோற்கடித்த அதே நீதிமன்றம்.

இதற்கிடையில் ஜே.ஆரும் சுருங்கியது. அப்பர் ட்ரிபியூனல் என்ற மேல் தீர்ப்பாயம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தால் அதையும் உயர் நீதிமன்றம் மீளாய்வு செய்யலாம் என்று 2011இல் கார்ட் வழக்கில் திறந்த வழியை, 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது.

தழும்புக்குப் பெறுமதி வந்ததும் தழும்பின் மேல் சந்தேகமும் வந்தது. முதுகில் சூடு வைத்த கோடுகளோடு வருகிறவர்களைப் பார்த்து, கேஸுக்காகத் தாங்களே ஆள் பிடித்துச் சுடவைத்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். அப்படி மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கு 2019 மார்ச்சில், பிரபுக்கள் சபையின் இடத்துக்கு வந்த உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெயரை மறைத்து கே.வி. என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். புலிகளின் தங்க நகைகளோடு தொடர்புபட்ட வேலை செய்தவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்றார். கைத் தழும்புகளின் ஓரங்கள் மங்கல், முதுகில் இருந்தவற்றின் ஓரங்கள் கூர்மை. கையில் சுட்டபோது துடித்தேன், பிறகு மயங்கிவிட்டேன், முதுகில் சுட்டது தெரியாது என்பது அவருடைய வாக்குமூலம். மயங்கினவன் அசையமாட்டான், ஆகவே ஓரம் கூர்மை. மேல் தீர்ப்பாயம் அதே கூர்மையைப் பிடித்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்துச் சுடவைத்திருக்கலாம் என்று முடிவுகட்டியது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெரும்பான்மையால் தோல்வி.

வில்சன் பிரபுவின் தீர்ப்பை நான் ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலிருந்து வாசித்தேன். சட்ட நுணுக்கத்தைவிட எனக்குப் பிடித்தது, மங்கலான ஓரத்தையும் கூர்மையான ஓரத்தையும் பற்றி அவர் பொறுமையாகப் பந்தி பந்தியாக யோசித்திருந்ததுதான். ஒரு மனுஷன் பொய்க் கேஸுக்காகத் தன்னை மயக்கி முதுகில் இரும்பு வைக்கச் சொல்வது எவ்வளவு அபூர்வமான காரியம் என்பதற்குத் தீர்ப்பாயம் உரிய நிறை கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். வைத்தியரின் அறிக்கையை அது கையாண்ட விதம் பிழை என்றும் சொன்னார். அதற்குமேல் அவரும் போகவில்லை. கே.வி. சொன்னது உண்மையா என்று தீர்மானிப்பது தங்கள் வேலை இல்லை என்பதால், வழக்கைப் புதிதாக விசாரிக்கும்படி மேல் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.